வாசகர் கேள்வி – பதில்: வண்டி உறைய வைக்காது

உறைய வைத்த பண்டங்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலிருந்து வெளியூருக்கு அனுப்புவோர் கேட்ட கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் கணக்கு.

கேள்வி: வீட்டில் சமோசாவும் ரொட்டியும் செய்து உறைய வைத்து விற்கிறேன். போன மாதம் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு 400 கிலோ அனுப்பினேன். ஏற்றும்போது பெட்டியைத் தொட்டுப் பார்த்த தெர்மாமீட்டர் மைனஸ் 8 காட்டியது. குளிர்வண்டியில் மைனஸ் 20 வைத்திருந்ததால் போகிற வழியில் இறுகிவிடும் என்று நினைத்தேன். போய்ச் சேர்ந்தபோது நடுப்பெட்டிகளில் சமோசாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மிஷின் நன்றாகத்தான் ஓடியது என்கிறார் வண்டிக்காரர். பிழை யாருடையது? — வாசகி, ஃபீனிக்ஸ்

அம்மா, வண்டிக்காரர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். குளிர்வண்டி உறைய வைக்கும் கருவி இல்லை. ஏற்கெனவே உறைந்ததை அப்படியே வைத்திருக்கும் கருவி அது. இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் வண்டியின் குளிர்ப்பெட்டி உள்ளே 3 மீட்டர் நீளம், 1.8 அகலம், 1.8 உயரம் என்றால், ஆறு பக்கமும் சேர்ந்து சுமார் 28 சதுர மீட்டர். நல்ல பாலியூரித்தேன் சுவர் வழியே சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 0.4 வாட் வெப்பம் உள்ளே வரும். வெளியே 35, உள்ளே மைனஸ் 18 என்றால் வித்தியாசம் 53 டிகிரி. ஆக, 28 × 0.4 × 53. கிட்டத்தட்ட 600 வாட். மிஷின் மைனஸ் 20-ல் 1,000 வாட் குளிர் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் வழியே வருவதைத் துரத்தவே 600 போய்விடுகிறது. மீதி 400 வாட்டை வைத்து 400 கிலோவை மைனஸ் 8-லிருந்து மைனஸ் 18-க்கு இறக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் காற்று ஒவ்வொரு சமோசாவையும் தொட்டால்தான். அட்டைப்பெட்டியை அடுக்கிய பிறகு நடுப்பெட்டிக்குக் காற்று போகாது. லெனேசியாவோ ஏழெட்டு மணி நேர ஓட்டம்.

நீங்கள் அளந்த மைனஸ் 8 வெளிப்பெட்டியின் கணக்கு என்பதையும் பாருங்கள். நடுவில் மைனஸ் 3, 4 இருந்திருக்கலாம். உணவிலுள்ள நீர் பூஜ்யத்தில் ஒரேயடியாக உறைந்துவிடாது. மைனஸ் 5-ல் இறைச்சி நீரில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் பனிக்கட்டியாகியிருக்கும். மிச்சம் உப்பும் சாறுமாகத் திரவமாகவே நிற்கும். அந்த ஈரம்தான் சமோசாவின் மேல்மாவில் ஊறி ஒட்ட வைத்தது.

ஆகவே திருத்த வேண்டிய இடம் உங்கள் ஃப்ரீசர். அதன் பின்புறத் தகட்டில், 24 மணி நேரத்தில் எத்தனை கிலோ உறைய வைக்கும் என்று எழுதியிருக்கும். வீட்டுப் பெட்டி ஃப்ரீசர் 20, 25 கிலோவுக்கு மேல் தாங்காது. லிட்டர் கணக்கைப் பார்த்து நிரப்புகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். சமோசாவைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, இறுகக் கெட்டியான பிறகு பாக்கெட்டில் போடுங்கள். 400 கிலோவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும், இல்லையென்றால் வணிகக் குளிர்கிடங்கில் உறைய வைக்கும் அறையை வாடகைக்கு எடுக்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் புதுச்சரக்கு எதையும் உள்ளே வைக்காதீர்கள். இரண்டு மணி நேர மின்வெட்டு நிறைந்த ஃப்ரீசரைக் கெடுக்காது. அந்த நேரத்தில் உள்ளே போகும் சூடான தட்டுதான் கெடுக்கும்.

ஏற்றுகிற நாளில் செய்ய வேண்டியது இது. கதவைச் சாத்தி, காலியான பெட்டியை மைனஸ் 18-க்கு முன்கூட்டியே குளிர்விக்கச் சொல்லுங்கள். வெயிலில் நின்ற வண்டிக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். சுவருக்குள் தேங்கிய சூடு வெளியேற அவ்வளவு நேரம் பிடிக்கும். கதவைத் திறந்ததும் மிஷினை நிறுத்திவிட வேண்டும். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். கதவு திறந்திருக்க விசிறி ஓடினால் டர்பனின் ஈரக்காற்றை அது உறிஞ்சி, குளிர்ச்சுருளில் பனியாகப் படிய வைக்கும். பிறகு வழியெல்லாம் காற்று போகாது. பெட்டிகளை 20 நிமிடத்துக்குள் ஏற்றி முடியுங்கள். முதல், நடு, கடைசி என மூன்று பெட்டியில், இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்து, எண்ணைக் காகிதத்தில் எழுதி வண்டிக்காரரும் நீங்களும் கையெழுத்திடுங்கள். மைனஸ் 18 இல்லாத பெட்டி ஏறக்கூடாது. அந்தக் காகிதம் இருந்தால் பிழை யாருடையது என்ற கேள்வியே எழாது.

கேள்வி: பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டுமா, நெருக்கி அடுக்க வேண்டுமா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். — வாசகர், வெருலம்

இரண்டுமே சரிதான், சரக்குதான் வேறு. காய்கறி, பழம் மூச்சுவிடும், தானே சூடு உண்டாக்கும். அதற்குப் பெட்டிகளின் ஊடே காற்று போக வேண்டும். உறைந்த சரக்கு சூடு உண்டாக்காது. வெப்பம் சுவர், தரை, கூரை வழியேதான் வருகிறது. அது சரக்கைத் தொடுமுன் காற்று அள்ளிக்கொண்டு போக வேண்டும். எனவே பெட்டிகளை ஒரே கட்டியாக நெருக்கி அடுக்கி, அந்தக் கட்டியைச் சுற்றி மட்டும் வழி விடுங்கள். அடியில் பலகை, பக்கச் சுவரில் ஐந்து சென்டிமீட்டர், கதவுப் பக்கம் பத்து, கூரையில் இருபது. விசிறியின் வாய்க்கு நேரே எதையும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: மீனும் இறாலும் உறைய வைத்து, பின்னால் குளிர்ப்பெட்டி கட்டிய பக்கியில் (பிக்கப் வண்டியில்) காலை ஆறு மணி முதல் 14 கடைகளுக்குப் போடுகிறேன். புரட்டாசி முடிந்த வாரங்களில் வண்டி நிறைய ஏற்ற வேண்டியிருக்கிறது. பத்தாவது கடைக்கு மேல் சரக்கு இளகுகிறது. பெரிய மிஷின் மாட்டலாமா? — வாசகர், சாட்ஸ்வர்த்

மிஷினுக்குப் பணம் போடுமுன் கதவைப் பாருங்கள் ஐயா. டர்பனில் 30 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 22 கிராம் நீர் இருக்கிறது. மைனஸ் 18 காற்றில் ஒரு கிராம்தான் நிற்கும். கதவைத் திறந்தால் கனமான குளிர்காற்று தரையோடு வழிந்து வெளியேறி, மேலே ஈரக்காற்று உள்ளே ஏறும். ஓரிரு நிமிடத்தில் முழுக் காற்றும் மாறிவிடும். பாதி சரக்கு உள்ள பெட்டியில் ஐந்து கன மீட்டர் காற்று என்று வைத்தால், ஒரு திறப்புக்கு நூறு கிராமுக்கு மேல் பனி. 14 கடைக்கு ஒன்றரைக் கிலோ. அது கொண்டுவரும் வெப்பமோ சுவர் வழியே நான்கு மணி நேரத்தில் வருவதற்குச் சமம்.

மிஷின் வண்டி எஞ்சினோடு பட்டி (பெல்ட்) போட்டு ஓடும் வகையா என்பதையும் கவனியுங்கள். அப்படியென்றால் கடைவாசலில் எஞ்சினை நிறுத்தியதும் குளிர் நின்றுவிடும். வெறுமனே ஓடவிட்டாலும் கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றும், பாதிக் குளிர்கூட வராது. ரோபோவுக்கு ரோபோ (சிக்னலுக்குச் சிக்னல்) நின்று போகும் நகர ஓட்டத்தில் இந்த வகைக்கு மூச்சு வாங்கும்.

முதலில் பிளாஸ்டிக் நாடாத் திரை மாட்டுங்கள். நாடாக்கள் பாதிக்குப் பாதி ஒன்றன் மேல் ஒன்று படிய, தரையைத் தொட்டுத் தொங்க வேண்டும். இடைஞ்சல் என்று முடிச்சுப் போட்டுக் கட்டிவைத்தால் மாட்டியும் பயனில்லை. கடைசிக் கடையின் சரக்கை முதலில் ஏற்றி, ஒவ்வொரு கடைக்கும் வேறு நிற நாடா ஒட்டுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பில்லைப் புரட்டுவதுதான் பெரிய கேடு. பில், கையெழுத்து, பணம் எல்லாம் கதவைத் திறக்குமுன் முடியட்டும்.

கதவு ரப்பரில் 10 ராண்ட் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். லேசாக வந்தால் அந்த இடத்தில் ரப்பர் போய்விட்டது. கீழ் மூலைகள்தான் முதலில் கெடும். பெட்டியின் அடியில் உள்ள நீர்க்குழாய் அடைத்திருந்தால் பனி உருகிய தண்ணீர் தரையில் உறைந்து பெட்டிகளைப் பிடித்துக்கொள்ளும். திறந்தே கிடந்தால் அதன் வழியே சூடான காற்று வரும். குழாயை வளைத்து நீர் தேங்கும்படி விட்டால் இரண்டும் தீரும்.

இவ்வளவும் செய்த பிறகும் இளகினால், பெரிய மிஷினைவிட உங்கள் தொழிலுக்குக் குளிர்த்தகடு நல்லது. சுவரிலும் கூரையிலும் உப்புக்கரைசல் அடைத்த தகடுகள் இருக்கும். சமையல் உப்புக் கரைசல் நூற்றுக்கு 23 பங்கு உப்போடு மைனஸ் 21-ல் உறையும். வேறு உப்புகள் இன்னும் கீழே போகும். இரவெல்லாம் மின்சாரத்தில் உறைய வைத்தால் பகல் முழுதும் உருகிக்கொண்டே குளிர் தரும். விசிறி இல்லாததால் கதவு திறக்கும்போது ஈரத்தை இழுக்காது. கனம் கூடும், இரவில் மின்வெட்டு வந்தால் தகடு முழுதாக உறையாது. இந்த இரண்டும் குறைகள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1972-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் 2018 ஜூனில் வந்த ஆர் 638 விதிகள், உறைந்த சரக்கு என்று விற்கப்படும் எதுவும் மைனஸ் 12-க்கு மேல் போகக்கூடாது, ஐஸ்கிரீம் மைனஸ் 18-க்கு மேல் போகக்கூடாது என்கின்றன. மைனஸ் 10-க்குக் கீழே கிருமிகள் பெருகாது. ஆனால் சாகாது, இளகினால் எழுந்து வேலையைத் தொடங்கும். மைனஸ் 12 என்பது கடைசி வேலி. மைனஸ் 18-ல் புறப்பட்டால்தான் அந்த வேலிக்கு முன் ஆறு டிகிரி கையிருப்பு இருக்கும்.

கேள்வி: டோங்காட்டிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் குல்ஃபியும் ஐஸ்கிரீமும் போகின்றன. இளகியதாகத் தெரியவில்லை, ஆனால் வாயில் மணல்போல நறநறக்கிறது. மூடிகள் சில தூக்கிக்கொள்கின்றன. — வாசகர், டோங்காட்

இரண்டு காரணம், இரண்டும் வழியில்தான் இருக்கின்றன.

நறநறப்பு வெப்பநிலை ஏறி இறங்குவதால் வருவது. மைனஸ் 20-லிருந்து மைனஸ் 14-க்கு ஏறும்போது சின்னப் பனித்துகள்கள் கரையும். மறுபடி இறங்கும்போது அந்த நீர் புதுத் துகளாக ஆகாமல், மிஞ்சி நின்ற பெரிய துகள்களின் மேல் படியும். நாலைந்து முறை இப்படி நடந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். சராசரி மைனஸ் 18 என்று காட்டும் வண்டியில்கூட இது நடக்கும். சராசரியைப் பார்க்காதீர்கள், உச்சத்தைப் பாருங்கள். ஐஸ்கிரீமை மைனஸ் 25-ல் ஏற்றி, வழியிலும் அதற்கு அருகிலேயே வைத்திருக்க முடிகிற வண்டியில் மட்டும் அனுப்புங்கள். சமோசா வண்டியில் ஓரத்தில் இடம் தருகிறேன் என்றால் வேண்டாம்.

மூடி தூக்குவது மலையால். டர்பன் கடல்மட்டம், ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் இங்கிருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. ஐஸ்கிரீமின் கொள்ளளவில் பாதி வரை காற்றுக்குமிழி. வழியிலுள்ள வான் ரீனன் மலைக்கணவாய் ஏறும்போது அது விரியும். கெட்டியாக உறைந்திருந்தால் குமிழிச் சுவர் தாங்கும், மைனஸ் 15-ல் தாங்காது. மூடியைச் சுற்றி நாடா ஒட்டுவதைவிட இன்னும் கெட்டியாக உறைய வைத்து, டப்பாவில் மேலே ஒரு சென்டிமீட்டர் காலி விடுங்கள்.

கேள்வி: கேப் டவுனில் இருக்கும் மகளுக்குக் கோழிக்கறி, மீன் குழம்பு எல்லாம் உறைய வைத்து உலர்பனி போட்டு அனுப்ப ஆசை. எவ்வளவு உலர்பனி வேண்டும்? காரில் கொண்டுபோகலாமா, விமானத்திலா? — வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

உலர்பனி என்பது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78.5 டிகிரி. கரைந்து நீராகாது, நேரே வாயுவாகும். ஐந்து சென்டிமீட்டர் தடிமன் தெர்மக்கோல் பெட்டி, உள்ளே 50 × 40 × 30 சென்டிமீட்டர் என்றால், 30 டிகிரி வெயிலில் சுமார் 40 வாட் வெப்பம் உள்ளே வரும். அதற்கு ஒரு நாளைக்கு ஆறு கிலோ உலர்பனி. தாமதத்துக்கு இரண்டு கிலோ கூட வையுங்கள். குளிர்காற்று கீழே இறங்கும் என்பதால் உணவுக்கு மேலே வைக்க வேண்டும், நடுவில் ஓர் அட்டை. வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் வெந்ததுபோல் ஆகிவிடும்.

காற்றுப் புகாமல் நாடா சுற்றி மூடவே கூடாது. ஒரு கிலோ உலர்பனி 500 லிட்டருக்கு மேல் வாயுவாகும், மூடிய பெட்டி வெடிக்கும். காருக்குள் அபாயம் இன்னும் பெரிது. காரின் உள்ளிடம் மூவாயிரம் லிட்டர் என்றால், இரண்டு கிலோ ஆவியானால் ஆயிரம் லிட்டருக்கு மேல். காற்றில் ஐந்து விழுக்காடு கரியமில வாயு சேர்ந்தாலே மூச்சு முட்டும், தலை வலிக்கும். பத்து விழுக்காட்டில் நினைவு தப்பும். வாசனை இல்லாததால் தெரியாது. பக்கியின் திறந்த பின்பகுதியில் வையுங்கள். காரில்தான் என்றால் ஜன்னல் திறந்தே இருக்கட்டும், பிள்ளைகளைத் தூங்க வைத்து ஓட்டாதீர்கள். வாயு கீழே தங்கும், அவர்கள்தான் தாழ்வாகப் படுத்திருப்பார்கள்.

விமானத்தில் ஒரு பயணி 2.5 கிலோ வரை கொண்டுபோகலாம். விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், பெட்டி வாயு வெளியேறும்படி இருக்க வேண்டும், மேலே உலர்பனி என்றும் எடை எத்தனை என்றும் எழுத வேண்டும். சில மணி நேரப் பயணத்துக்கு நன்கு உறைந்த கட்டி உணவுக்கு அது போதும். குழம்பைத் தட்டையான பையில் இரண்டு சென்டிமீட்டர் தடிமனாக உறைய வைத்து, செங்கல்போல அடுக்கினால் நெடுநேரம் தாங்கும்.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் போகும் என் 3 (N3) நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித் அருகே வண்டியின் குளிர்மிஷின் நின்றுவிட்டால் என்ன செய்வது? எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கொட்ட வேண்டும்? — லாரி உரிமையாளர், ஐசிபிங்கோ

முதல் வேலை கதவைத் திறக்காமல் இருப்பது. உள்ளே கை வைத்துப் பார்க்கும் ஆவலால் கெட்ட சரக்கு மிஷினால் கெட்டதைவிட அதிகம். வெளியிலிருந்து படிக்கும் தெர்மாமீட்டர் இல்லாத வண்டியை நெடுந்தூரத்துக்கு அனுப்பாதீர்கள்.

மேலே சொன்ன ஒரு டன் பெட்டியில் 400 கிலோ மைனஸ் 20 சரக்கு இருந்தால், சராசரியில் மைனஸ் 12-க்கு ஏற ஐந்து மணி நேரம் ஆகும். 800 கிலோவாக இருந்தால் பத்து. ஆனால் கதவோரத்தில், கூரையோரத்தில் உள்ள பெட்டிகள் ஓரிரு மணி நேரத்திலேயே அந்த எல்லையைத் தொடும். ஆக, இரண்டு மணி நேரத்துக்குள் வேறு குளிர்வண்டியோ கிடங்கோ ஏற்பாடாக வேண்டும். புறப்படுமுன்பே பீட்டர்மாரிட்ஸ்பர்க், எஸ்ட்கோர்ட், ஹாரிஸ்மித், வில்லியர்ஸ் பக்கத்தில் சரக்கு வாங்கிக்கொள்ளும் கிடங்கின் எண்ணை ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன் பக்கம் பனி கொட்டி நெடுஞ்சாலை மூடப்பட்டபோது வண்டிகள் இரவெல்லாம் நின்றன. அப்படி நிற்கையில் தனி டீசல் எஞ்சின் உள்ள மிஷின் ஓடும், எஞ்சினோடு இணைந்தது வண்டியின் டீசலைக் குடிக்கும். டேங்க் பாதிக்குக் கீழே மலை ஏறவேண்டாம்.

திறந்த பிறகு ஒவ்வொரு பெட்டியாக அளந்து பிரியுங்கள். மைனஸ் 12-க்குக் கீழே (ஐஸ்கிரீம் என்றால் மைனஸ் 18-க்குக் கீழே) இருப்பது பயணத்தைத் தொடரலாம். மைனஸ் 12-க்கு மேல் ஏறி, கட்டி கலையாமல் இருப்பதை உறைந்த சரக்கு என்று விற்கக்கூடாது. ரொட்டி, மாவுப் பண்டம் என்றால் 4 டிகிரிக்குக் கீழே வைத்து, இளகிய சரக்கு என்று சொல்லி உடனே சமைப்பவருக்குக் கொடுக்கலாம். ஐஸ்கிரீம் இளகினால் கொட்ட வேண்டியதுதான். மீண்டும் உறைய வைத்து விற்பதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

மீனில் இன்னும் கறார் வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற கருஞ்சதை மீன்கள் இளகிச் சூடேறினால் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற நச்சை உண்டாக்கும். பிறகு உறைய வைத்தாலும் போகாது, கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடிக்கும். வாடை எப்போதும் காட்டிக்கொடுக்காது. இந்த மீன்கள் 4 டிகிரியைத் தாண்டி, எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் கொட்டிவிடுங்கள். மூக்கை நம்பாதீர்கள்.

அளக்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. தூரத்திலிருந்து சிவப்புப் புள்ளி அடித்து அளக்கும் துப்பாக்கி, பளபளப்பான தாளிலும் பனி படிந்த பெட்டியிலும் தவறாகக் காட்டும். ஊசித் தெர்மாமீட்டர் வாங்குங்கள். மாதம் ஒருமுறை, நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த குவளையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூன்று நிமிடம் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் தவறினால் மாற்றுங்கள். வழியெல்லாம் வெப்பநிலையைப் பதியும் கருவியை விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள், அங்கே எப்போதும் நல்ல எண்தான் வரும். கதவுக்கு அருகில், மேலடுக்குப் பெட்டிக்குள் வையுங்கள்.